கோவா போகிறவர்கள் பவுல் கல்லூரி வாசலையும் பார்த்துவிட்டு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கோவா பற்றி வந்த சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். கடற்கரைகள், தூத்சாகர் அருவி, பாம் ஜேசு பேராலயத்தில் இருக்கும் சவேரியார் உடல், எல்லாம் சரிதான், நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் தமிழ்ப் பத்திரிகையில், தமிழ் வாசிக்கிறவர்களுக்காக, கோவாவைப் பற்றி எழுதும்போது விட்டுவிடவே கூடாத ஒரு இடம் அதில் வரவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கோவாவில் புனித பவுல் கல்லூரி என்று ஒன்று இருந்தது. இயேசு சபைப் பாதிரியார்கள் ஆசியாவில் நடத்திய வேலைகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் தலைமை இடமே அதுதான். இன்று அங்கே மிச்சம் இருப்பது ஒரு நுழைவாயில், அவ்வளவுதான். பேராலயத்திலிருந்து கிழக்கே, போண்டா பக்கம் போகும் சாலையில் நடந்தே போய்விடலாம். வெட்டுக்கல்லில் கட்டி, இரு பக்கமும் தூண் வைத்து, மேலே மாடமும் சிலுவையுமாக நிற்கிற ஒரு வளைவு. அதற்குப் பின்னால் கட்டடம் எதுவும் இல்லை, புல்லும் மரமும்தான். பேராலயத்தில் வரிசையில் நிற்கிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இந்தப் பக்கம் வருவதாகத் தெரியவில்லை. நாங்கள் குடும்பமாகப் போயிருந்தபோது எங்களைத் தவிர அங்கே யாருமே இல்லை. வாடகைக் காரை ஓட்டி வந்த தம்பி, "இங்க பார்க்க ஒண்ணும் இல்லையே சார்" என்று இந்தியில் சொல்லிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவரிடம் யாரும் சொன்னதில்லை.

நான் தூத்துக்குடிக்காரன். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி ஈய எழுத்து கோத்தவன், அதாவது கம்பாசிட்டர். அதனால் அந்த வாசலுக்கு முன்னால் நின்றபோது எனக்கு உண்மையாகவே உடம்பு சிலிர்த்தது. காரணம் சொல்கிறேன்.

1556 செப்டம்பரில் ஒரு கப்பல் கோவாவுக்கு வந்தது. அதில் ஓர் அச்சு இயந்திரம் இருந்தது. அது கோவாவுக்காக அனுப்பியதே இல்லை, அபிசீனியாவுக்கு, அதாவது இன்றைய எத்தியோப்பியாவுக்குப் போகிற பாதிரியார்களோடு ஏற்றி அனுப்பியது. அங்கே போக முடியாத நிலைமை வந்ததால் இயந்திரம் இங்கேயே தங்கிவிட்டது. அதைப் பவுல் கல்லூரியில்தான் வைத்தார்கள், அந்த ஆண்டே அச்சடிக்கவும் தொடங்கிவிட்டார்கள். இந்தியாவில் அச்சு தொடங்கிய இடம் அதுதான். அப்போது அச்சடித்ததெல்லாம் ரோமன் எழுத்தில், ஐரோப்பிய மொழிகளில். இந்திய மொழி எதற்கும் அப்போது வார்ப்பு எழுத்து கிடையாது.

முதலில் வார்ப்பு எழுத்து கிடைத்த இந்திய மொழி நம்முடையது. 1577-ல், அதே கோவாவில், ஜோவாவோ கொன்சால்வெஸ் என்ற இயேசு சபைச் சகோதரர் தமிழ் எழுத்துகளை வெட்டி வார்த்தார். அவர் ஸ்பெயின்காரர், இரும்பு வேலையும் கடிகார வேலையும் தெரிந்தவர். அவருக்கு உதவியாக இருந்தவர் கொல்லத்தில் பிறந்த பெரோ லூயிஸ், பிராமணக் குடும்பத்திலிருந்து வந்து இயேசு சபையில் சேர்ந்த முதல் இந்தியர் என்று சொல்லப்படுகிறவர். அடுத்த ஆண்டு கொல்லத்தில் இன்னொரு தொகுதி எழுத்து வார்த்தார்கள், இது ஜோவாவோ தெ ஃபாரியா என்ற பாதிரியாரின் வேலை. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு கிறித்தவ வேதப் புத்தகம் அச்சேறியது. 16 பக்கம்தான். இந்திய எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. கோவாவில் 1577-ல் செய்த எழுத்து எது, கொல்லத்தில் 1578-ல் செய்த எழுத்து எது என்று அந்தப் புத்தகத்திலேயே இரண்டையும் அடித்துக் காட்டியிருக்கிறார்கள். எந்த ஊரில் செய்தது என்று எழுத்தோடு சேர்த்து எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், நாம்தான் அந்த ஊருக்குப் போய்ப் பார்ப்பதில்லை.

இந்த எழுத்து வார்க்கும் வேலை எவ்வளவு பெரியது என்பது இப்போது கணினியில் தட்டச்சு செய்கிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. முதலில் எஃகுக் கம்பியின் முனையில் எழுத்தை இடவலமாகப் புரட்டிச் செதுக்க வேண்டும். அதைச் சூடேற்றிக் கடினமாக்கி, செம்புத் துண்டில் ஓங்கி அடித்துப் பள்ளம் எடுக்க வேண்டும். அந்தச் செம்பை அச்சில் பொருத்தி, ஈயத்தோடு மற்ற உலோகம் கலந்து உருக்கி ஊற்ற வேண்டும், அப்படி ஊற்ற ஊற்ற ஒவ்வொன்றாக எழுத்து விழும். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, பெரியதும் சின்னதுமாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. தமிழில் கு, கூ, டு, டூ, மு, மூ என்று உகர வரிசை முழுக்க ஒவ்வொன்றுக்கும் தனித் தனிக் கட்டை வேண்டும். கொம்பு தனி, துணைக்கால் தனி. அப்புறம் ணை, லை, னை எல்லாம் பழைய காலத்தில் தும்பிக்கை மாதிரி சுழித்துப் போகும், றா, னா வேறு மாதிரி இருக்கும், அதற்கெல்லாம் வேறு கட்டை. நாங்கள் வேலை செய்த காலத்தில் தமிழ் கேஸ், அதாவது கட்டைகளை அறை அறையாகப் பிரித்து வைக்கும் பெட்டி, ஆங்கில கேஸைப் பார்க்கப் பல மடங்கு பெரியது, எந்த அறையில் எந்த எழுத்து என்று கைக்குப் பழகவே மாதக்கணக்கில் ஆகும். 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் சில கட்டைகள் குறைந்தன. சரியாக 400 ஆண்டு கழித்து! அப்படியிருக்க, தமிழ் தாய்மொழி இல்லாத ஒரு இரும்பு வேலைக்காரர், ஓலையில் கீறிய எழுத்தைப் பார்த்து அதை உலோகத்தில் கொண்டுவந்தார் என்றால் அது சாதாரணக் காரியமா? ஓலையில் புள்ளி வைப்பதில்லை, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. புத்தகத்திலும் அப்படியேதான் வந்திருக்கிறது. படங்களில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓலைக் கையெழுத்தின் வளைவு அப்படியே ஈயத்தில் இருப்பது என் போன்றவர்களுக்குச் சட்டென்று தெரியும்.

தம்பிரான் வணக்கத்தைத் தமிழில் கொண்டுவந்தவர் அண்டிரிக்கி பாதிரியார், போர்த்துக்கீசியப் பெயர் என்றீக்கே என்றீக்கஸ். 1546-ல் கோவாவுக்கு வந்து, அடுத்த ஆண்டு எங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், 1600-ல் சாகும்வரை இந்தக் கடற்கரையோடேயே இருந்தவர். தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். இந்த அச்சு வேலைக்குப் பணம் திரட்டிக் கொடுத்தது முத்துக்குளித்துறைப் பரதவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடலில் மூச்சடக்கி மூழ்கிச் சம்பாதித்த பணம் அது. பவுல் கல்லூரிக்கும் எங்கள் கரைக்கும் உள்ள உறவு அதற்கும் முந்தியது. 1542-ல் சவேரியார் கோவாவிலிருந்து முத்துக்குளித்துறைக்குப் புறப்பட்டபோது அவரோடு வந்தது அங்கே படித்துக்கொண்டிருந்த நம் பக்கத்துப் பையன்கள் சிலர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது, அவர்கள் வாயிலாகத்தான் பேசினார். பிற்பாடு ஜப்பானுக்கு அவரோடு போன அஞ்சிரோ என்ற ஜப்பானியரும் இதே கல்லூரியில் படித்தவர்தான். மலாய்க்காரர், சீனர், அபிசீனியர் என்று எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் அந்த வாசல் வழியாக உள்ளே போயிருக்கிறார்கள்.

பலர் தமிழ் அச்சு என்றாலே தரங்கம்பாடியும் அங்கே அச்சகம் வைத்த சீகன்பால்கு பாதிரியாரும்தான் தொடக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சீகன்பால்குவின் பெருமை பெருமைதான், ஒரு துளியும் குறையாது. ஆனால் தரங்கம்பாடியில் தமிழ் அச்சானது 1713-ல், அதற்கு 135 ஆண்டு முன்னாலேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. அதற்கும் முன்னால், 1554-லேயே, லிஸ்பனில் தமிழ் வார்த்தைகளை ரோமன் எழுத்தில் அச்சடித்து ஒரு சிறு வேதப் புத்தகம் வந்தது, அதைச் செய்தவர்கள் மூன்று தமிழர்கள். இதையெல்லாம் நாம் இன்று தெரிந்துகொண்டிருக்கிறோம் என்றால் தனிநாயகம் அடிகள் போன்றவர்கள் ஐரோப்பிய நூலகங்களில் அலைந்து தேடி எழுதியதால்தான். அவர் எங்கள் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் தொடங்கியவர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொன்றை மறைத்தால் அது நேர்மையாக இருக்காது. அந்தக் கல்லூரியை நடத்திய பணத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்றால், போர்த்துக்கீசியர் இடித்த கோயில்களின் நிலத்திலிருந்து. 1540-ஐ ஒட்டி கோவாத் தீவில் இருந்த கோயில்களை இடித்தார்கள், அவற்றின் நில வருமானத்தை அடுத்த ஆண்டே கிறித்தவ வேலைகளுக்கும் இந்தக் கல்லூரிக்கும் திருப்பிவிட்டார்கள். 1560-ல் மதவிசாரணை மன்றம் வந்தது, இடையில் சில ஆண்டு நின்றதைத் தவிர 1812 வரை நடந்தது. புதிதாக மதம் மாறியவர்கள் பழைய பழக்கத்தை விடவில்லை என்று பிடித்துக்கொண்டு போய் வதைத்தார்கள். மருத்துவ மூலிகைகளைப் பற்றி 1563-ல் கோவாவிலேயே புத்தகம் அச்சிட்ட கார்சியா தா ஓர்த்தா யூத வம்சத்தவர் என்பதால், அவர் செத்து வருஷக்கணக்கான பிறகு 1580-ல் எலும்பைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். 1684-ல் கொங்கணி பேசுவதற்கே தடை போட்டார்கள். தமிழுக்கு ஈய எழுத்து வார்த்த அதே ஊரில், அந்த ஊர்க்காரர்களின் சொந்த மொழி அதற்கென்று வார்த்த எழுத்தில் அச்சேறவே இல்லை. தாமஸ் ஸ்டீபன்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் மராத்தியில் எழுதிய பெரிய காவியத்தை 1616-ல் ரோமன் எழுத்தில்தான் அச்சடிக்க வேண்டியிருந்தது. கொங்கணிக்கு இன்றுவரை எந்த எழுத்து என்ற சண்டை ஓயவில்லை. அந்த வாசலில் நிற்கிற தமிழன் நமக்குக் கிடைத்ததை நினைத்து மகிழும்போது, பக்கத்து மொழிக்காரன் இழந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இரண்டுமே அந்தக் கல்லில் இருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் வரலாறு ஆகாது.

கல்லூரி எப்படி அழிந்தது என்பது சின்னக் கதை. 1570-ல் கொள்ளைநோய் வந்து பலர் செத்தார்கள், அந்தப் பகுதி உடம்புக்கு ஆகாது என்று பெயரெடுத்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக மேட்டில் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். 1759-ல் இயேசு சபையையே கோவாவிலிருந்து துரத்தினார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாழடைந்த கட்டடத்தை இடித்துக் கல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். வாசலை மட்டும் ஏதோ விட்டுவைத்தார்கள்.

அதே ஊரில் மேட்டின்மேல் இன்னொரு இடிபாடு இருக்கிறது, புனித அகுஸ்தீன் கோயில். அதையும் அவசியம் பார்க்க வேண்டும். 46 மீட்டர் உயரக் கோபுரம், பாதி விழுந்து பாதி நிற்கிறது. 1835-ல் துறவிகளை வெளியேற்றினார்கள், 1842-ல் கூரை வளைவு விழுந்தது, 1931-ல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பாதியும் சரிந்தன. இங்கே நடந்த ஒரு விஷயம்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. ஜார்ஜியா நாட்டு ராணி கெத்தெவான் 1624-ல் பாரசீகத்தின் ஷிராஸ் நகரில், மதம் மாற மறுத்ததற்காகக் கொல்லப்பட்டார். அகுஸ்தீன் சபைத் துறவிகள் அவருடைய எலும்புகளில் சிலவற்றை 1627-ல் கோவாவுக்குக் கொண்டுவந்து இந்த மடத்தில் வைத்தார்கள். மடம் இடிந்து மண்ணோடு போனது. ஆனால் ஜார்ஜியர்கள் மறக்கவில்லை. பழைய போர்த்துக்கீசிய ஏட்டில் 'இந்த ஜன்னல் பக்கம் வைத்தோம்' என்று இருந்த குறிப்பை வைத்துக்கொண்டு பல வருடம் தேடினார்கள், இந்தியத் தொல்லியல் துறையும் தோண்டியது, கடைசியில் ஒரு கை எலும்பு கிடைத்தது. அதை ஹைதராபாதில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் மரபணு சோதனை செய்தார்கள். அந்தக் குழுவை நடத்தியவர் குமாரசாமி தங்கராஜ், நம் தமிழ்நாட்டுக்காரர். இந்தியர்களிடம் தேடிக் கிடைக்காத மரபணு வகை, ஜார்ஜியாவில் இருக்கிறது என்று 2013-ல் வெளியிட்டார்கள். 2021-ல் இந்திய அரசு அந்த எலும்பின் ஒரு பகுதியை ஜார்ஜியாவுக்கே கொடுத்துவிட்டது. அந்த நாட்டின் மக்கள்தொகை நம்முடைய சென்னையைவிடக் குறைவு. ஓர் எலும்புக்காக நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்து, விடாமல் கேட்டு, வாங்கிக்கொண்டு போனார்கள்.

நாம் எதையும் வாங்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. பவுல் கல்லூரி வாசலில் தமிழிலும் கொங்கணியிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை வேண்டும், தம்பிரான் வணக்கத்தின் ஒரு பக்கத்தின் படத்தோடு, 1577-ல் இந்த ஊரில் வார்த்த எழுத்து இது என்று. இதைத்தான் கேட்கிறேன். தமிழ்நாடு அரசின் தமிழ் வளர்ச்சித் துறை இந்தியத் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், அதற்குப் பெரிய செலவும் கிடையாது. கோயில் நில வருமானக் கதையும் அதே பலகையில் இருக்கட்டும். சிவகாசியில் உலகத்துக்கே அச்சடித்துக் கொடுக்கிற நம் அச்சகக்காரர்கள் மனது வைத்தால் அந்த 16 பக்கத்தையும் அப்படியே நகல் எடுத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்க முடியும். அறிந்தவரை அந்தப் புத்தகத்தின் ஒரே பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹாட்டன் நூலகத்தில்தான் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த கம்பாசிட்டர்களில் அதன் படத்தைக்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். அது எனக்கு இன்றும் வருத்தம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். நீங்கள் தினமும் லட்சக்கணக்கில் தமிழ் எழுத்தை அச்சடிக்கிறவர்கள். வருகிற அக்டோபர் 20 அன்று அந்த முதல் பக்கத்தின் படத்தை உங்கள் பத்திரிகையில் போடுங்கள், கோவாவுக்கு ஒரு நிருபரை அனுப்பி அந்த வாசலைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள்.

போக நினைக்கிற வாசகர்களுக்கு: நாகர்கோவிலிலிருந்து கேரளம், கொங்கண் வழியாகப் போகிற ரயிலில் மட்காவில் இறங்கலாம். பழைய கோவாவுக்குப் பக்கத்து ஸ்டேஷன் கர்மலி. பணஜியிலிருந்து வந்தால் சுமார் 10 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், பேராலயத்தைப் பார்த்த கையோடு மேட்டில் அகுஸ்தீன் கோபுரம், அப்புறம் பவுல் கல்லூரி வாசல் என்று மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். மழைக்காலத்தில் அகுஸ்தீன் இடிபாட்டில் கல் வழுக்கும், வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கவனமாக இருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அச்சுக்கோப்பாளர்,
தூத்துக்குடி